துடக்கு வீட்டு விமானம்

கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, மிச்சம் எல்லாவற்றையும் துஷாந்த் எழுதி முடித்திருந்தான். மூன்று பக்கம், அழகான ஆங்கிலம். சாரம் இவ்வளவுதான்: விமானத்தின் ஆல்ரனேற்றரை மாற்றியவன் நான், அதன் வயரைப் பிடித்திருக்கும் நட்டை இறுக்க மறந்தவன் நான், என் அங்கிள் இராஜரட்ணம் இறந்தது என்னால். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதை விசாரணை அதிகாரிகளிடம் கொடுக்கப் போகிறானாம். இன்று சனி.

கிளிபோட் மூன்று பக்கத்தையும் வாசித்துவிட்டு, ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை என்று பாராட்டினான். தன்னைத் தானே தூக்கில் போடப் போகிறவன் கயிற்றை இவ்வளவு நேர்த்தியாகத் திரித்து அவன் கண்டதில்லையாம். துஷாந்த் சிரிக்கவில்லை. இருபத்தாறு வயதுப் பெடியன், மூன்று கிழமையாகச் சவரம் காணாத முகத்துடன், மில்லிக்கனில் வாடகைக்கு எடுத்த அந்த பேஸ்மென்ற் அறையில் கட்டில் விளிம்பில் குந்தியிருந்தான்.

சாம்பவி சிரிக்கவுமில்லை, கிளிபோட்டை அதட்டவுமில்லை. இருபது வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய் விண்ணப்பங்களைப் பிடித்துத் தள்ளியவள். இப்போது வெக்ஸ்போர்டில் ஒரு தையல்கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். கிளிபோட் அவளுடைய ஒரே உதவியாள். மன்னாரான், கத்தோலிக்கன், முன்பு பழுதான கார்களை இழுத்துப் போகும் ட்ரக் ஓட்டியவன், வாயை மூடி வைக்கத் தெரியாதவன்.

பெடியனைக் காப்பாற்றச் சொல்லி யாரும் அவர்களை அமர்த்தவில்லை என்பதுதான் இந்த வழக்கின் விசித்திரம். அமர்த்தியவள் இராஜரட்ணத்தின் மனைவி கோணேஸ்வரி. மறதி என்ற சொல்லே அவளுக்குப் பிடிக்கவில்லை. வேண்டுமென்றே செய்தான் என்று நிரூபித்துத் தாருங்கள் என்றுதான் கேட்டாள். செத்தவீட்டில் பெட்டி தூக்க வந்த துஷாந்தின் கையை நானூறு பேர் பார்க்கத் தட்டிவிட்டு, "உந்தக் கை பட்டதாலதான் அவர் உதுக்குள்ள கிடக்கிறார்" என்று சொன்னவள். இரண்டு வருடம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்ட பிள்ளைக்கு அதைச் சொன்னாள். அன்றிலிருந்து அவன் இந்த அறையை விட்டு வெளியே வரவில்லை.

இராஜரட்ணம் அந்த விமானத்தைப் பதினொரு வருடமாகத் தன் வீட்டுக் கராஜில் வைத்துக் கட்டினார். இரண்டு பேர் இருக்கலாம். எஞ்சின் ஒரு பழைய காரிலிருந்து கழற்றியது. அது ஓட மின்சாரம் வேண்டும்; மின்சாரத்தைத் தருவது ஆல்ரனேற்றர். ஆல்ரனேற்றர் படுத்துவிட்டால் பற்றறி அரை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும், பிறகு எஞ்சின் நின்றுவிடும். அதனால் அது படுத்த உடனேயே முன்பலகையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். ஓகஸ்டில் பழைய ஆல்ரனேற்றர் ஆகாயத்தில் வைத்துச் செத்தபோது விளக்கு எரிந்தது. மனிதர் பத்து நிமிடத்தில் பத்திரமாக இறங்கிவிட்டார். புதியதை வாங்கி, செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை துஷாந்த் பூட்டினான். விமானம் திருத்தும் வேலை பழகுகிறவன் அவன். மறுநாள் காலை இராஜரட்ணம் சிம்கோ ஏரிப் பக்கம் பறந்தார். நாற்பதாவது நிமிடத்தில் எஞ்சின் நின்றது. சோளக்காட்டில் விழுந்தார்.

நட்டு இளகியிருந்தது என்பதோடு எல்லாரும் திருப்திப்பட்டுவிட்டார்கள். சாம்பவிக்கு நட்டில் அக்கறையே இருக்கவில்லை. விளக்கு எரிந்தும் மனிதர் ஏன் இறங்கவில்லை என்பதுதான் மூன்று நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. தெருவில் சிவப்பு பச்சையாகிய பிறகும் ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் காரை எடுக்கிறவர் என்று கோணேஸ்வரியே சொல்லியிருந்தாள்.

சாம்பவி ஒரு படத்தை எடுத்துக் கட்டிலில் போட்டாள். உடைந்த முன்பலகையின் படம். கண்ணாடிகள் எல்லாம் நொறுங்கியிருந்தன. இடது மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் காந்தப் பீடம் மட்டும் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதிகாரிகளின் அறிக்கையில் அதற்குப் பெயர், அலங்காரப் பொருளின் எச்சம்.

"அலங்காரப் பொருளாம்," என்றான் கிளிபோட். "பிள்ளையார் கேட்டா அடுத்த பிளேனையும் விழுத்துவார்."

பீடத்தில் இருந்த சின்னப் பிள்ளையார் சிலை எங்கோ பறந்துவிட்டது, பீடம் மிச்சம். அந்தப் பீடம் குந்தியிருந்த இடத்துக்கு நேர் பின்னால்தான் சிவப்பு விளக்கு. விமானி இருக்கையில் இருக்கிறவருக்கு பிள்ளையாரின் வயிறு தெரியும், விளக்குத் தெரியாது.

பிள்ளையார் எப்போதும் அங்கேதான் இருப்பவரா என்று சாம்பவி கேட்டாள். துஷாந்த் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். இல்லை, நடுவிலே இருப்பவர் என்றான். வேலை முடிந்த சனிக்கிழமை பின்னேரம் ஐந்து நாற்பதுக்கு விமானி இருக்கையில் திரும்பி இருந்து, முன்பலகையும் விழத் தன்னைத் தானே எடுத்த படத்தைப் போனில் தேடிக் கொடுத்தான். பிள்ளையார் நடுவில் இருந்தார். விளக்கு தனியாக, மறைப்பில்லாமல் தெரிந்தது.

கிளிபோட் போனைப் பிடுங்கினான். அவனுக்கு ஒரு பெரிய விஷயம் பிடிபட்டுவிட்டது. விமானம் நிறுத்தும் ஷெட்டில் பார்த்த பழைய படங்களில் பிள்ளையாரின் தும்பிக்கை இடப்பக்கம், இதில் வலப்பக்கம். ஆகவே இது வேறு பிள்ளையார், யாரோ ஆளையே மாற்றிவிட்டார்கள். கள்ளப் பிள்ளையார் ஒருவரைக் கொண்டுவந்து இருத்தி, நல்ல பிள்ளையாரைக் கடத்தி, மூச்சு விடாமல் ஒரு கொலைத் திட்டமே போட்டுக் காட்டினான்.

"அவன்ர ரீசேட்டில என்ன எழுதியிருக்கு எண்டு வாசி," என்றாள் சாம்பவி.

வாசிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் தலைமாறி இருந்தது. தன்னைத் தானே எடுக்கும் படத்தில் இடம் வலம் மாறும். கிளிபோட் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிள்ளையாரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

ஆள் மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அதுவும் துஷாந்த் போன பிறகு. பிறகு திரும்பி வந்து நீதான் நகர்த்தினாயா என்று சாம்பவி நேரடியாகவே கேட்டாள்.

"நானோ? நான் தொடவே இல்லை அக்கா," என்றான் துஷாந்த். "துடக்கு."

அவனுடைய பெரியப்பா, அதாவது இராஜரட்ணத்தின் மூத்த தமையன், ஊரில் இறந்து அன்றைக்குப் பன்னிரண்டு நாள். செத்தவரின் சகோதரங்களும் அவர்களுடைய பிள்ளைகளும் முப்பத்தொரு நாள் தீட்டுக் காத்து, சாமியைத் தொட மாட்டார்கள், கோயில் வாசல் மிதிக்க மாட்டார்கள். மொன்றியலில் பிறந்த பெடியனுக்கு மற்றச் சடங்குகள் தெரியாது, இதை மட்டும் கோணேஸ்வரி அன்ரி பிடரியில் அடித்துப் பழக்கியிருந்தாள். பிள்ளையாரில் கை படக்கூடாது என்பதற்காகவே வயரைப் பலகைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய், ஒரு மணித்தியாலம் அதிகமாக வேலை செய்தானாம். கிளிபோட்டுக்கு இது புதினமாக இருந்தது. அவனுடைய ஆட்கள் செத்தவீடு என்றால்தான் கூடுதலாகக் கோயிலுக்குப் போவார்கள்.

"அப்ப ராஜண்ணையும் தொடேலாது," என்றாள் சாம்பவி மெதுவாக. "விளக்கை மறைச்சுக்கொண்டு பிள்ளையார் இருக்கிறார். கண்டாலும் அந்த மனுசன் அவரைத் தள்ளி வைக்க மாட்டார். அது தெரிஞ்ச ஆள்தான் வைச்சிருக்கு. விளக்கு எரியப்போகுதெண்டு தெரிஞ்சுதானே மறைச்சது, அப்ப நட்டை இளக்கினதும் அந்த ஆள்தான்."

அடித்துக் கொல்கிறவனைக் கிளிபோட் கண்டிருக்கிறான், குடித்துவிட்டு ஏற்றிக் கொல்கிறவனையும் கண்டிருக்கிறான். ஒரு மனிதனின் பக்தியை அளந்து பார்த்து அதற்குள் வைத்துக் கொல்கிறவனை இதுவரை காணவில்லை.

ஷெட்டின் சாவி வேறு யாரிடம் என்று கேட்டாள். சசி அங்கிளிடம் மட்டும்தான் என்றான் துஷாந்த். சசிகரன், இராஜரட்ணத்தோடு சேர்ந்து விமானம் கட்டிய நண்பர். சொந்தமில்லை. உடனே பெடியன் அவருக்காக வாதாடத் தொடங்கிவிட்டான். எல்லாரும் தன்னைக் கைவிட்ட பிறகும் தினமும் சாப்பாடு கொண்டுவந்து தந்தவர் சசி அங்கிள்தானாம். அழுதுகொண்டிருந்தவனுக்குப் பக்கத்தில் இருந்து அந்த மூன்று பக்கத்தையும் எழுத உதவியவரும் அவர்தானாம்.

"அதுதான் எழுத்துப்பிழை இல்லை," என்றான் கிளிபோட். இந்த முறை அவன் பகிடியாகச் சொல்லவில்லை.

ஷெட் யூனியன்வில் தாண்டி வடக்கே அரை மணி ஓட்டம். வழியில் கிளிபோட் கோப்பி வாங்க இறங்கிய நேரத்தில் சாம்பவி காருக்குள் யாருடனோ போனில் கதைத்து முடித்தாள். உன் போனை சேட்டுப் பைக்குள் வைத்து எல்லாவற்றையும் பதிவு செய் என்று மட்டும் சொன்னாள். கதைப்பவர்களில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், பதிவு செய்யலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம்.

ஷெட்டுக்குள் விமானம் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. சசிகரன் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, மெல்லிய குரல், கண்ணைப் பார்த்துக் கதைக்கிற பழக்கம். பிளாஸ்கிலிருந்து கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சாம்பவி தன் போனை மேசையில் குப்புற வைத்துவிட்டு இருந்தாள். சுவரில் ஒரு தமிழ்ப் பத்திரிகைத் துண்டு கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. விமானம் கட்டிய தமிழர் என்ற தலைப்பு, நடுவில் இராஜரட்ணம் சிரித்தபடி, ஓரத்தில் வெட்டுப்பட்ட யாரோ ஒருவரின் முழங்கை.

பெடியனைப் பற்றி சசிகரன் நல்லதாகவே சொன்னார். பாவம், சின்னப் பிள்ளை, மன்னிக்கத்தான் வேண்டும் என்றார். பிள்ளையார் இடம் மாறியது எப்படி என்று சாம்பவி சும்மா கேட்பதுபோலக் கேட்டாள். அதற்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. துஷாந்த்தான் வைத்தான், வயர் இழுக்க இடைஞ்சல் என்று எடுத்து இடதுபக்கம் இருத்தினான், தான் கண்ணால் கண்டதாகச் சொன்னார்.

"ராஜண்ணையே எடுத்து வைச்சிருக்க மாட்டாரோ?"

"ச்சே, அவருக்குத் துடக்கெல்லோ தங்கச்சி. தமையன் செத்துப் பன்னிரண்டு நாள்தானே. விரல்கூடப் படாது." சசிகரன் தேத்தண்ணியை ஊதினார். "பெடியனுக்கென்ன, அவன் அவரின்ர மனுசி பக்கத்து ஆள். அவனுக்குத் துடக்கில்லை. அவன் தொடலாம்."

கிளிபோட் கோப்பையை வாயில் வைத்தபடியே நின்றான். சாம்பவி அவசரப்படவில்லை.

"துஷாந்த் ராஜண்ணையை என்னெண்டு கூப்பிடுறவன்?"

"அங்கிள் எண்டு."

"அவன் மொன்றியலில பிறந்தவன் அண்ணை. அவனுக்குச் சித்தப்பாவும் அங்கிள்தான், மாமாவும் அங்கிள்தான், பிளாசாவில இடியப்பம் விக்கிறவரும் அங்கிள்தான். ஊர்ப் பிள்ளையெண்டா சித்தப்பா எண்டு கூப்பிட்டிருப்பான், நீங்களும் பிழை விட்டிருக்க மாட்டியள். அவன் ராஜண்ணையின்ர நடுத் தமையன்ர மகன். செத்தவர் அவனுக்குப் பெரியப்பா. அவனுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு."

சசிகரன் கோப்பையைக் கீழே வைத்தார். இரண்டு வருடமாகப் பக்கத்தில் நின்று வேலை செய்த பெடியனின் முறையைக் கேட்டு வைக்கவில்லை அவர். அப்பாவின் பெயரைத்தானே நம்மவர் கடைசிப் பெயராக வைப்பது, அதிலும் பிடிபடாது. சமைத்துப் போட்டவள் கோணேஸ்வரி என்பதால் அவளுடைய ஆள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஆனால் மனிதர் சுலபத்தில் விழுகிற ஆள் இல்லை. வயதாகிவிட்டது, ஞாபகம் பிசகியிருக்கும் என்றார். யார் வைத்தது என்று தனக்குத் தெரியாது என்றார். அப்போதுதான் கிளிபோட்டின் வாய் தானாகத் திறந்தது.

"அண்ணை, உந்தப் படத்தில இருக்கிற முழங்கை ஆரின்ர?"

அது போய்ப் பட்ட இடம் சரியான இடம். சசிகரனின் முகம் கறுத்தது.

"என்ர," என்றார்.

பிறகு அவர் நிறுத்தவில்லை. பதினொரு வருடம். சனி ஞாயிறு என்று ஒன்றில்லை. சிறகில் இருந்த நாலாயிரம் றிவெற் ஆணியும் அவர் அடித்தவை. சொந்த மகளின் பல்கலைக்கழகப் பட்டமளிப்புக்குப் போகாமல் சிறகுக்குத் தகடு வெட்டினாராம். பத்திரிகைக்காரர் வந்தபோது இராஜரட்ணம் சொன்னது, ஒரு நண்பர் இடைக்கிடை வந்து உதவி செய்தார் என்று. அந்தத் துண்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியதும் இராஜரட்ணம்தான். முழங்கையை அவர் கவனிக்கவே இல்லை. கவனித்துவிட்டுச் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றார் சசிகரன்.

கிளிபோட்டுக்கு ஒரு கணம் இரக்கம் வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது. முழங்கைக்கு ஒரு உயிர் என்றால், சோறு கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்தே பெடியனைக் கழுவில் ஏற்றியது எதற்கு?

"சரி, நான் பிள்ளையாரை நாலு விரற்கடை தள்ளி இருத்தினன்," என்றார் சசிகரன். குரல் பழையபடி மென்மையாகிவிட்டது. "உது எந்தச் சட்டத்தில குற்றம்? நட்டைப் பற்றித்தான் பெடியன் எழுதித் தரப்போறானே."

சாம்பவி பேசாமல் இருந்தாள். அந்த மௌனம் அவருக்குத் தோல்வியாகத் தெரிந்திருக்க வேண்டும். வென்றவன் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அவருக்கு அது போதவில்லை. இன்னும் ஒரு குத்து மிச்சம் இருந்தது, அதைக் குத்தாமல் விட மனம் வரவில்லை.

"அவர் கண்டவர், தெரியுமோ? ஏறி இருந்த உடனயே கண்டவர். ஆரடா பிள்ளையாரை இதில இருத்தினது, லைற்றை மறைக்குதெல்லோ எண்டவர். நான் பக்கத்திலதான் நிண்டனான். எனக்குத் துடக்கில்லை, எடுத்து வைக்கச் சொன்னவர். கையெல்லாம் எண்ணெய் எண்டிட்டன். பிறகு வீட்டுக்குக் கோல் எடுத்தவர், ஸ்பீக்கரில போட்டு. இந்த ஒருக்காப் பிள்ளையாரைத் தள்ளி வைக்கட்டோ எண்டு பெண்சாதியைக் கேட்டவர்."

சாம்பவியின் கை மேசையிலிருந்த போனை நோக்கிப் பாய்ந்தது. அவளுடைய கை பிந்தியதை கிளிபோட் அன்றுதான் முதன்முதலாகக் கண்டான்.

"துடக்கோட அவரில கை வைக்காதேங்கோ, இருக்கிற இடத்தில இருக்கட்டும், அவர் பாத்துக்கொள்ளுவார் எண்டு அவ சொன்னவ," என்றார் சசிகரன். "இப்ப சொல்லுங்கோ, நானோ அவரைக் கொன்றது?"

சாம்பவி போனைத் திருப்பினாள். திரையில் கோணேஸ்வரியின் பெயர் இருந்தது. அழைப்புத் தொடங்கி இருபத்துமூன்று நிமிடம். பெடியன் குற்றமற்றவன் என்று அவள் தன் காதாலேயே கேட்கட்டும் என்றுதான் சாம்பவி அந்த இணைப்பைத் திறந்து வைத்திருந்தாள். அந்தக் காலை அழைப்பைப் பற்றி கோணேஸ்வரி அவளுக்குச் சொல்லவே இல்லை. சொல்ல என்ன இருந்தது? பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு விளக்கு இருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

சசிகரன் எழும்பி நின்றார். திரையைப் பார்த்தார், பிறகு கிளிபோட்டின் சேட்டுப் பையைப் பார்த்தார். கதவுப் பக்கம் போக ஒரு அடி வைத்தார். ட்ரக் ஓட்டிய காலத்து உடம்பு கிளிபோட்டுக்கு இன்னும் இருந்தது. போய்க் கதவை அடைத்துக்கொண்டு நின்றான். மனிதர் திரும்பி வந்து அதே கதிரையில் இருந்தார்.

போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"சாம்பவி," என்றாள் கோணேஸ்வரி கடைசியில். அழுகிற குரல் இல்லை. "பெடியனை உதில கையெழுத்து வைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. திங்கக்கிழமை நான் வாறன். நான் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுறன். அவன்ர பெயரில ஒரு சொல்லும் வரக்கூடாது."

சொல்கிறேன் அக்கா என்றாள் சாம்பவி.

"ஒண்டு கேக்கிறன். அவர் அதைத் தள்ளி வைச்சிருந்தாரெண்டா, எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்?"

பொய் சொல்லு என்று கிளிபோட் கண்ணால் கெஞ்சினான். தெரியாது என்று சொல்லலாம். தள்ளி வைத்தாலும் விழுந்திருக்கும் என்று சொல்லலாம். அவளுக்கு இனி எந்த உண்மையால் என்ன பிரயோசனம்?

"ரெண்டு செக்கன், அக்கா."

"ஒண்டு," என்றாள் கோணேஸ்வரி. சற்று விட்டு, "ரெண்டு," என்றாள்.

பிறகு திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.